உதறியது முன்பக்கம், கோளாறு பின்பக்கம்: மோட்டோகிராஸ் பைக்கோடு 140 மணி நேரம்

இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 140ஐத் தாண்டிவிட்டது. மண் தடத்தில் ஓட்டும் இந்த 450 சிசி மோட்டோகிராஸ் பைக்கைக் கைமாற்றி வாங்கி இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. முதல் 50 மணி நேரம் நேர்த்தடத்தில் நாலாவது கியர் போட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். காரணம், ஹேண்டில் உதறல்.

அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: கரடுமுரடான நேர்த்தடம், நல்ல வேகம், முடிவில் ஒரு வளைவு வருகிறது. ஆக்ஸிலேட்டரை விடுகிறீர்கள். அந்த நொடியில் ஹேண்டில்பார் இடது வலதாகப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். யாரோ இரண்டு மணிக்கட்டையும் பிடித்து உலுக்குவது போல இருக்கும். இறுக்கிப் பிடித்தால் இன்னும் அதிகமாகும். ஒருமுறை பிரேக் லீவரிலிருந்து விரலே நழுவிவிட்டது. விழவில்லை. ஆனால் அன்று அதற்குமேல் ஓட்டவில்லை.

கை உணர்வது முன்பக்கத்தை. அதனால் நானும் முன்பக்கத்தையே நோண்டினேன். ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்கள்) அமுங்குவதைக் கடினமாக்கும் கம்ப்ரெஷன் திருகை நாலு கிளிக் உள்ளே திருகினேன். முன்பக்கம் கீழே போகாமல் நின்றால் உதறாது என்று கணக்கு. உதறல் அப்படியே இருந்தது, கூடவே முழங்கை வலியும் சேர்ந்துகொண்டது. சின்னச் சின்ன மேட்டையெல்லாம் ஃபோர்க் விழுங்காமல் கைக்கே அனுப்பியது. அடுத்த வாரம் ஆறு கிளிக் வெளியே. அதற்கடுத்த வாரம் ரீபவுண்ட் (அமுங்கியது திரும்ப எழும் வேகம்), டயர் காற்று, ஹேண்டில்பார் சாய்வு எல்லாம் ஒரே நாளில். எது எதைச் செய்தது என்று எனக்கே தெரியாத நிலைக்கு வந்த பிறகு, எல்லோரும் செய்வதைச் செய்தேன். ஸ்டியரிங் டாம்பர் வாங்கினேன்.

டாம்பரைக் குறை சொல்ல மாட்டேன். ஹேண்டிலின் வேகமான அசைவை எண்ணெயின் எதிர்ப்பால் மந்தமாக்கும் பொருள் அது. ஹோண்டா 2008ல் சிஆர்எஃப்450ஆர் பைக்கில் முன் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இப்படி ஒன்றைக் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்தது, அதனால் இது வெளிச்சந்தை வித்தை என்று ஒதுக்க முடியாது. என்னுடையது ஹேண்டில் நடுவில் உட்காரும் சுழல் வகை. பொருத்திய முதல் நாளே உதறல் பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் அதற்கு 14 கிளிக் வரை இறுக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் குறுகலான வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் சேற்றுக்குள் கரண்டியைக் கிண்டுவது போல இருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாயிற்று, காய்ச்சல் எதனால் வந்தது என்று இன்னும் பார்க்கவில்லை.

பார்த்தது தற்செயலாகத்தான். டயர் மாற்றப் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டதைவிடக் கையில்தான் நன்றாகத் தெரிந்தது. கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங், லூஸ். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப்பைக் கழற்றி, கிரீஸ் வைத்து, மானுவல் சொல்லும் முறுக்கு அளவில் (டார்க்) முறுக்கிய பிறகு ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் அது தானாகக் கடைசி வரை சென்று நின்றது. அளவு அதுதான். ஆட்டமும் இருக்கக் கூடாது, தட்டிவிட்டால் நடுவழியில் நிற்கவும் கூடாது. அதிகம் இறுக்கினால் உதறலுக்குப் பதில் வேறொரு வியாதி வரும்: பைக் நேர்கோட்டில் நிற்காமல் மெதுவாகப் பாம்பு போல நெளியும்.

கோன்செட் சரியானதும் டாம்பரை 14லிருந்து 10க்குக் குறைக்க முடிந்தது. மீதி உதறல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பதில் பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லி என்னுடன் ஓட்டும் அண்ணன் ஒருவர் முன்பே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. "ஸேக் அளந்தியா?" என்றார். அளந்தேன் என்றேன். "லிங்க்கை அசைச்சுப் பாத்தியா?" என்றார். அதைச் செய்யவில்லை.

ஸேக் என்பது, ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி நின்றால் பைக்கின் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. சக்கரம் தொங்கும் நிலையில் பின் ஆக்ஸிலிலிருந்து (சக்கர அச்சு) ஃபெண்டரில் குறித்த புள்ளி வரை ஒரு அளவு, ஆள் ஏறிய பின் அதே இடத்தில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸேக். பெரிய மோட்டோகிராஸ் பைக்குகளில் பின்சக்கரம் மொத்தம் 300 மி.மீ. சொச்சம் மேலும் கீழும் போகும். அதில் 95 முதல் 105 மி.மீ. வரை ஆளின் எடைக்கே செலவாக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எனக்கு ஒரு நாள் 94 வந்தது, இன்னொரு நாள் 101 வந்தது. டேப்பை நான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டேப் மேல் தப்பில்லை. வாலைக் கையால் தூக்கி மெதுவாக விட்டு அளந்தால் ஒரு அளவு, கீழே அமுக்கி மெதுவாக எழவிட்டு அளந்தால் இன்னொரு அளவு. இரண்டுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். எங்கோ ஏதோ பிடிக்கிறது. ஷாக்குக்கு (பின் சஸ்பென்ஷன்) அடியில் அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கைக் கழற்றினேன். நீடில் பேரிங் ஒன்றில் கிரீஸ் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை, செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. விரலால் உருட்டினால் கரகரவென்று சத்தம். பிரஷர் வாஷரை நேராக அங்கே பிடித்துக் கழுவிய பாவம் பழைய ஓனருடையதா என்னுடையதா தெரியாது, என்னுடையதாகவும் இருக்கலாம். பேரிங் மாற்றி, எல்லாவற்றிலும் கிரீஸ் வைத்து மாட்டிய பிறகு அந்த 9 மி.மீ. வித்தியாசம் 2க்கு வந்தது. உண்மையான ஸேக் 94. பின்பக்கம் தேவைக்கு மேல் உயரமாக நின்றிருக்கிறது.

பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும். ஃபோர்க்கின் சாய்வு குறைந்தால், ஹேண்டிலைத் தானாக நேராக்கும் டிரெயில் என்ற அளவும் குறையும். வளைவில் பைக் சட்டென்று உள்ளே விழும், நேர்த்தடத்தில் சட்டென்று உதறும். ஆக்ஸிலேட்டரை விடும்போது முன்பக்கம் அமுங்குவதால், ஏற்கெனவே குறைந்திருக்கும் டிரெயில் இன்னும் குறைகிறது. நேர்த்தடத்தின் முடிவில் மட்டும் ஏன் உதறுகிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஷாக் ஸ்பிரிங்கின் காலரை லூஸ் செய்து ஸேக்கை 105க்குக் கொண்டுவந்தேன். என் பைக்கில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. மாறுகிறது. 11 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சக்கரங்களுக்கு இடையே சுமார் 1480 மி.மீ. இருக்கும் பைக்கில் அது 0.4 டிகிரி சாய்வு. டிரெயிலில் ஏறக்குறைய 3 மி.மீ. காகிதத்தில் ஒன்றுமில்லை. நாலாவது கியரில் அது வேறு பைக்.

இங்கே ஸ்பிரிங்கையும் சோதிக்க வேண்டும், பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆள் இல்லாமல் பைக் தன் எடையில் மட்டும் 30 முதல் 40 மி.மீ. அமுங்க வேண்டும். ஆளோடு ஸேக் சரியாக இருந்தும் ஆள் இல்லாத அளவு 20க்குக் கீழ் இருந்தால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை என்று அர்த்தம். அதை அளவுக்கு மீறி அமுக்கி வைத்துத்தான் அந்த ஸேக் வந்திருக்கிறது. எனக்கு 35 வந்தது. உடுப்போடு 80 கிலோ, ஸ்டாக் ஸ்பிரிங்கே போதும்.

அப்புறம் ஃபோர்க் உயரம். என் பைக்கில் ஃபோர்க் குழாய்கள் மேல் கிளாம்ப்புக்கு மேலே 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. குழாய் எவ்வளவு மேலே நீட்டுகிறதோ அவ்வளவு முன்பக்கம் தாழும். முதலில் 5க்கு இறக்கினேன், பிறகு 3க்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டுத்தான் அடுத்தது. 3ல் உதறல் ஏறக்குறைய இல்லை. ஆனால் குறுகலான வளைவில் முன்சக்கரம் வெளியே தள்ளியது. இப்போது நிரந்தரமாக 4.

இவ்வளவுக்கும் பிறகுதான் கிளிக் திருகுகள் பக்கம் போனேன். பின் ஷாக்கின் ரீபவுண்டை இரண்டு கிளிக் மந்தமாக்கினேன். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில் உருவாகும் பிரேக்கிங் மேடுகளில் பின்பக்கம் உதைத்து எழும்போது பைக்கின் எடை முழுக்க முன்சக்கரத்தில் கொட்டுகிறது, உதறலைக் கிளப்புவதில் அதற்கும் பங்கு உண்டு. இரண்டு கிளிக் போதுமானதாக இருந்தது. நாலு வரை போய்ப் பார்த்தேன். முதல் மூன்று மேடு அருமையாக இருக்கும், நாலாவது ஐந்தாவது மேட்டில் ஷாக் எழ நேரமில்லாமல் அமுங்கியபடியே நின்று கட்டை மாதிரி அடிக்கும். தொடர் மேடுகளில் கடைசி மேடு வலித்தால் ரீபவுண்ட் மந்தம் என்று அர்த்தம்.

ஒரு வெட்கக் கதையும் சொல்லிவிடுகிறேன். ஷாக் தலையில் 'ஹை ஸ்பீட் கம்ப்ரெஷன்' என்று ஒரு நட் இருக்கும். வேகமாக ஓட்டுவதற்கான செட்டிங் அது என்று நினைத்து, நேர்த்தடம் உள்ள தடங்களில் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது பைக்கின் வேகம் இல்லை, ஷாக் ராடு உள்ளே போகும் வேகம். மெதுவாகப் போய்க் கூரான கல்லில் மோதினாலும் அது ஹை ஸ்பீட். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் நிதானமாக அமுங்குவது, பைக் எத்தனை வேகத்தில் போனாலும், லோ ஸ்பீட். நட்டை ஸ்டாண்டர்டுக்குத் திருப்பி வைத்தபோதே பின்பக்கம் குதிப்பது குறைந்தது.

பின்சக்கரம் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் வரும். 100வது மணி வாக்கில் புது செயின் போட்டேன், அன்றைக்கே லேசான உதறல் திரும்பி வந்தது. எதையும் தொடவில்லையே என்று குழம்பினேன். பழைய செயின் நீள நீளச் சக்கரம் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, புது செயின் அதை முன்னால் இழுத்துவிட்டது. 520 அளவுச் செயினில் இரண்டு கண்ணி கூட்டினால் சக்கரம் சுமார் 16 மி.மீ. பின்னால் போகும். அட்ஜஸ்டரில் இடம் இருந்தது, இரண்டு கண்ணி கூடுதலாக வைத்து வெட்டினேன், சரியாகிவிட்டது. பின் டயரின் பிடிமானம் ஒரு துளி குறைந்தது போலத் தோன்றுகிறது, எனக்கு அது பரவாயில்லை.

ஓட்டும் முறையைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தகுதியில்லை. முட்டியால் டேங்க்கைக் கவ்வி, கையை லேசாக விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக மூடாமல் இருந்தால் பாதி உதறல் தொடங்குவதே இல்லை. சொல்வது எளிது.

இப்போதைய நிலை: ஸேக் 105, மணல் தடம் என்றால் 108. ஃபோர்க் 4 மி.மீ. மேலே. ஃபோர்க் கம்ப்ரெஷன் ஸ்டாண்டர்டிலிருந்து இரண்டு கிளிக் உள்ளே, அதுவும் முன்பக்கம் சட்டென்று அமுங்காமல் இருக்க மட்டும். டாம்பர் 4 கிளிக். கழற்றிவிடலாம்தான், முன்சக்கரம் கல்லில் பட்டுத் திரும்பும்போது அது காப்பாற்றுகிறது, அதனால் இருக்கட்டும். இழந்தது என்ன என்றால், உள்பக்கக் குறுகல் வளைவுகளில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பைக்கைக் கொஞ்சம் வற்புறுத்த வேண்டியிருக்கிறது. முழுக்க வளைவுகளாக இருக்கும் தடத்துக்கு ஃபோர்க்கை 6க்கு ஏற்றிக்கொள்கிறேன்.

போன மாதம் ஃபோர்க் எண்ணெய் மாற்றினேன். மறுநாள் ஃபோர்க் இறுகிப்போய், பழைய முழங்கை வலி வந்தது, நேர்த்தடத்தில் ஹேண்டிலும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. எண்ணெய் அளவு தப்பிவிட்டதோ என்று திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. காற்று வெளியேற்றும் திருகையும் தளர்த்திப் பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால் காரணம் முன் ஆக்ஸிலைக் கவ்வும் அடிப் போல்ட்டுகள். ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி, ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். அவசரத்தில் அமுக்காமலே முறுக்கியிருந்தேன், ஒரு கால் லேசாகக் கோணி நின்றுவிட்டது. இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, ஐந்து முறை அமுக்கி, திரும்ப முறுக்கினேன். இரண்டு நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.