மணலில் இறங்கும் முன் கேஜின் முள்ளைப் பாருங்கள்

வாடகைக்கு எடுத்த ஃபோர் வீல் ட்ரைவ் வண்டியோடு மணலில் மாட்டிக்கொண்டு, ஒரு டயருக்குத் தண்டமும் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். வண்டியில் குறை இல்லை. வண்டியோடு தந்த ‘மணல் கிட்’தான் வினை. காற்று பார்க்கும் கேஜ், சின்ன கம்ப்ரஸர், மண்வெட்டி, கயிறு எல்லாம் ஒரே பையில் இருக்கிறது, நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். நானும் பையைத் திறந்து எண்ணிப் பார்த்தேனே தவிர, எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கேஜை வால்வில் அழுத்தினேன். காற்றழுத்தம் 42 பி.எஸ்.ஐ. என்று காட்டியது. கதவோரத்து ஸ்டிக்கரில், இருக்க வேண்டிய அளவு 33 என்று இருந்தது. ஓடி வந்த டயர், சூட்டில் இரண்டு மூன்று ஏறியிருக்கும். மீதியை இவர்களே கூடுதலாக அடித்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது வழக்கம். காற்று குறைந்த டயர் அமுங்கி, மணலில் படிகிற இடம் நீளவாக்கில் கூடும். பாரம் பரவுவதால் சக்கரம் குழி தோண்டாமல் மேலாகவே உருளும். நான் 16-ல் நிறுத்தினேன். முதல் அரை மணி நேரம் வண்டி போன போக்கைச் சொல்லவே வேண்டாம், அவ்வளவு சுகம். அப்புறம் ஒரு மேட்டின் சரிவில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வேகமாக ஒடித்தேன். முன்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தால், டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்று, இடைவெளி முழுக்க மணல்.

கேஜை எடுத்துப் பார்த்தேன். எதிலும் சொருகாமல் சும்மா கையில் இருக்கிறது, முள் 7-ல் நிற்கிறது! தட்டினேன், அசையவில்லை. யாரோ எப்போதோ கீழே போட்டிருக்க வேண்டும். ஆக, நான் 16 என்று நினைத்தது உண்மையில் 9. அவ்வளவு குறைந்தால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கக் காற்றுக்குத் தெம்பில்லை. சட்டென்று திருப்பினால் கழலும்.

ஜாக் மணலில் புதைந்தது. மண்வெட்டியின் தகட்டை அதன் அடியில் கொடுத்து, ஸ்டெப்னி மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம். மற்ற மூன்றுக்கும் காற்று அடிக்கலாம் என்று கம்ப்ரஸரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால், நாலு நிமிடம் இரைந்துவிட்டு அடங்கியது. ஃபியூஸ் காலி. இந்த அளவு டயருக்குச் சரிப்படும் கம்ப்ரஸர், பேட்டரி முனைகளிலேயே மாட்டுகிற கிளிப்போடு வரும். எஞ்சினை ஓடவிட்டு அடிக்க வேண்டும். பையில் இருந்தது வெறும் பொம்மை.

“மெதுவா உருட்டிக்கிட்டே ரோட்டுக்குப் போயிடலாமே” என்றார் கூட வந்த மச்சான். மணல்வரை சரி. 9 பி.எஸ்.ஐ.யோடு தார்ச் சாலையில் ஏறி ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளே நைந்து போகும். அன்றைக்குத் தாங்கினாலும், வேறொரு நாள் நல்ல வேகத்தில் வெடிக்கலாம். வேறொரு வண்டிக்காரர் வந்து தன் கம்ப்ரஸரைக் கொடுக்கும்வரை உட்கார்ந்தே இருந்தோம்.

இதே மாதிரி வண்டி எடுப்பவர்கள், சாவி வாங்கும் முன்பே கேஜின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். அங்கேயே ஒரு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, அவர்கள் கம்ப்ரஸரை வைத்தே திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். டயரின் பக்கச் சுவரில் வளையமாகத் தேய்ந்த தடம் ஓடினால், முன்னால் எடுத்தவர் காற்றில்லாமல் ஓட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, மணலில் டயருக்கு வரும் சேதம் எடுத்தவர் பொறுப்பு என்ற வரியைக் காட்டி, முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். கேஜைப் பற்றிக் கேட்டேன். “அது நாங்க ஃப்ரீயா குடுக்கறது சார்” என்றார் கவுண்டரில் இருந்தவர். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அந்தக் கேஜைத் துணியால் துடைத்து, அடுத்த வண்டிக்கான பையில் போட்டுக்கொண்டிருந்தார்.