‘நீ வடிவுதான்’ என்று சொல்லாத இடம்

கிளிநொச்சியில் ஒரு பெண்கள் நிலையத்தில் நடக்கும் உளவளத்துணைக் (கவுன்சலிங்) குழுவுக்கு ஆறு கிழமை போய்வந்தேன். பெயரைப் போடவில்லை. சின்ன ஊர், வாசலில் யாரைக் கண்டது என்ற கதை நமக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடும்.

என் பிரச்சினை இதுதான். 2009இல் போர் நேரம் செல் (எறிகணை) துண்டு பட்ட தழும்பு இடக்கையில். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பும் வைத்துவிட்டது. கலியாண வீட்டுக்குப் போனால் முதல் கேள்வியே "என்ன பிள்ளை, இப்பிடி ஊதிப்போனாய்?" என்பதுதான். அலுமாரிக் கண்ணாடியில் துவாயைப் போட்டு மூடிவிட்டு, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தேன்.

இதற்கு முன் வேறோர் இடத்துக்கும் போனேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "நீங்கள் வடிவுதானே, பிள்ளைகளுக்காக மனதைத் தேற்றுங்கோ" என்று சொல்லி, ஓட்ஸ், அப்பிள் என்று ஒரு சாப்பாட்டு அட்டவணையும் தந்தார்கள். விசுவமடுவில் தினம் இரண்டு அப்பிளுக்கு நான் எங்கே போவது!

இங்கே குழுவை நடத்துகிற மிஸ் வடிவைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நித்திரை, சாப்பாடு, கெட்ட கனவு எல்லாம் விசாரித்துவிட்டு, "இதாலை என்னென்ன செய்யாமல் விட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். மகன் பள்ளிக்கூடம் போன முதல் நாள் படத்தில் நான் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் நாலு வருசம். சொல்லச் சொல்ல எழுதினார், பிறகு அந்தப் பட்டியலில் லேசானதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார்.

மூன்றாம் கிழமை கண்ணாடிப் பயிற்சி. போனில் யாருக்கோ விவரம் சொல்வதுபோல, தலைமயிரிலிருந்து கால்வரை நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்ல வேண்டும், அசிங்கம், பானை வயிறு மாதிரிச் சொற்கள் கூடாது. கைக்கு வந்ததும் அழுதுவிட்டேன். மிஸ் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் விரலால் அளந்து பார்த்தேன். ஒரு சாண் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்த தழும்பு ஆறு விரல்கூட வரவில்லை.

எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். ‘உடம்பு எனக்குச் செய்கிற வேலைகள்’ என்று எழுதச் சொன்னது எனக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரித்தான் இருந்தது. அதைவிட, எங்கள் குழுவில் செயற்கைக் கால் போட்ட ஒரு அக்கா இருந்தா. அந்தத் தாளை வாங்கி மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தா. வன்னியில் இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது பிழை. அடுத்த கிழமை மிஸ்ஸே தன் பிழை என்று அவவிடம் சொன்னார், அது எனக்குப் பிடித்தது.

வெள்ளையாக வேண்டுமென்று லேபல் இல்லாத கிறீம் பூசுகிற ஒரு தங்கச்சியும் வந்தாள். கறுப்பும் அழகு என்ற பிரசங்கம் கிடையாது. அப்படியான கிறீம்களில் பாதரசமும் ஸ்டீரொய்டும் கலந்திருக்கலாம், பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று விளக்கி, தோல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பட்டினி கிடப்பவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள், மணிக்கணக்கில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர்கள் வந்தால் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். ஆறு கிழமைக் குழு அவர்களுக்குக் காணாது.

குறைகள்: அறைக்குப் பலகைத் தடுப்புத்தான், அங்கால் தும்மினால் இங்கால் கேட்கும். வார நாளில் காலை மட்டும் என்றால் கூலிக்குப் போகிற பெண்கள் எப்படி வருவது? பிள்ளையைக் கொண்டுபோனால் விட இடமில்லை. காசு வாங்குவதில்லை, ஆனால் பரந்தனில் பஸ் மாறிப் போய்வர ஒரு காலை முழுக்கப் போய்விடும். நேரில் போக ஏலாதவர்களுக்கு 1926, தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம்.

பட்டியலில் கடைசியாக இருந்தது வற்றாப்பளை. இந்த வைகாசியில் அரைக்கைச் சட்டையோடு போனேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு மாமி, "கையிலை என்ன பிள்ளை?" என்றா. "செல் பட்டது மாமி" என்றேன். "ம்" என்றுவிட்டுக் கச்சான் சரையை என் பக்கம் நீட்டினா.