கெரட்டின் போடப் போறீங்களா? முதலில் பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்க

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். போன தை மாசம், நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பார்லரில் போய் உட்கார்ந்தேன். முடியை நேராக்கி வழவழப்பாக்கும் கெரட்டின் ட்ரீட்மெண்டைப் போட்டுவிட்டார்கள். 10,300 ரூபாய் போனது. இடுப்பு வரை இருந்த முடி இப்போது தோளைத்தான் தொடுகிறது. கடையின் பேரைப் போடவில்லை. இதே பாட்டிலும் இதே பேச்சும் பல கடைகளில் ஓடுகின்றன. ஒரு பேரைத் தெரிந்துகொண்டு அடுத்த கடையில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

என் முடி பிறவியிலேயே தடிப்பு. ஆனால் ஊரில் இருந்தவரை அது முரட்டு முடியாக இருந்ததில்லை. பொள்ளாச்சிப் பக்கம், ஆழியாற்றுத் தண்ணீர். எண்ணெய் வைத்து ஊறவிட்டு, அரப்பை வடிகஞ்சியில் கரைத்து அம்மா தேய்த்துவிடுவார். காய்ந்ததும் பின்னல் கையில் நிற்காமல் வழுக்கும். திருப்பூர் அபார்ட்மெண்டுக்கு வந்த பிறகு குளிக்கப் போர் தண்ணீர்தான். குழாய் வாயில் சுண்ணாம்பு பூத்தாற்போல வெள்ளை கட்டும், பக்கெட்டுக்குள் வளையம் வளையமாகப் படியும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. இந்த ஊர் தண்ணீரின் கதை தெரியாதவர் யார்? சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011-ல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர். நல்ல தண்ணி சில நாளுக்கு ஒரு தரம் வரும், அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். இரண்டே வருசத்தில் முடி நாராகிவிட்டது. "என்ன கண்ணு, தல இப்படித் தேங்கா நாராட்டம் ஆயிப்போச்சு?" என்று அத்தை கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. 499 ரூபாய்க்கு ஹேர் ஸ்பா, ஹேர் டெஸ்ட் இலவசம்.

பேனா மாதிரி ஒரு கேமராவைத் தலையில் வைத்து, டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினார்கள். அவ்வளவு பெரிதாக்கினால் யார் தலையிலும் எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "வேர் செத்துக்கிட்டிருக்கு மேம். ஸ்பாவெல்லாம் பத்தாது. கெரட்டின் போட்டா முடிக்குள்ள போய் எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்றார் அங்கிருந்த மேனேஜர். 12,000 ரூபாய் ட்ரீட்மெண்டாம், இன்றைக்கு மட்டும் 7,500. நான் தலையாட்டிவிட்டேன்.

என்னிடம் அவர்கள் கேட்காததைச் சொல்ல வேண்டும். தலைக்கு டை அடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. இரண்டு மாசம் முன்னால்தான் பாக்கெட் டை அடித்திருந்தேன். எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள், வீசிங் உண்டா, மாசமாக இருக்கிறீர்களா, எதுவும் இல்லை. காதோரம் ஒரு கொத்து முடியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முழுத் தலைக்கும் போடுவதுதான் முறை. அதையும் செய்யவில்லை.

பெரிய வெள்ளை பாட்டில். லேபிள் கிழிக்கப்பட்டு, பசை மட்டும் ஒட்டியிருந்தது. "இதில் என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஃபார்மலின் இல்லாதது மேம், ஆர்கானிக்." கிண்ணத்தில் ஊற்றி, வகிடு வகிடாகப் பிரஷ்ஷால் பூசி, டிரையரில் காயவைத்து, அயர்ன் பிடித்தார்கள். அயர்னின் சின்னத் திரையில் 230 என்று எரிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே புகை வந்தது. பிளஸ் டூ படிக்கும்போது உயிரியல் லேபில் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஜாடியைத் திறந்தால் வரும் நெடி. அதே நெடி. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தொண்டை கமறியது. ஏசி அறை, கதவு சாத்தியிருந்தது. அயர்ன் பிடித்த பெண்ணுக்கு இருபது வயசுகூட இருக்காது. துணி மாஸ்க் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே வேலை பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் செய்யாதாம்மா?" என்றேன். "பழகிடுச்சுக்கா" என்றாள். அந்தப் புகையைத் தினமும் சுவாசிக்கும் அவளை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

முடிந்ததும் 2,800 ரூபாய்க்கு ஷாம்பூ செட். அதை வாங்கினால்தான் கேரண்டி என்றார்கள். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, இனிமேல் எண்ணெயே வைக்கக்கூடாது. பில்லில் "ஹேர் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

கல்யாணத்தன்று முடி பட்டுப்போல இருந்தது உண்மை. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் சீப்பில் துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. குளியலறை ஜாலியில் அடைத்த முடியை எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு நுனியில் குண்டூசித் தலைபோல வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. நாலு விரல் நீளம், அரைச் சாண் நீளம் என்று நடுவிலேயே முறிந்த துண்டுகள்.

பார்லருக்குப் போனேன். "போர் தண்ணில குளிச்சிருப்பீங்க, எண்ணெய் வெச்சிருப்பீங்க, கேரண்டி கிடையாது" என்றார்கள். திருப்பூரில் கடை வைத்திருப்பவர்கள் போர் தண்ணீரைப் பற்றிக் காசு வாங்கும் முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? பாட்டிலின் பேரைக் கேட்டேன், சொல்லவில்லை. வேண்டுமானால் 5,000 ரூபாயில் இன்னொரு ட்ரீட்மெண்ட் போட்டுச் சரி செய்கிறோம் என்றார்கள். அங்கேதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். லென்ஸில் அவர் காட்டியதை மறக்க மாட்டேன். முடி நெடுகப் புள்ளி புள்ளியாக வெள்ளை முடிச்சு. கிட்டத்தில் பார்த்தால் இரண்டு விளக்குமாற்றை எதிரெதிராகச் செருகி வைத்தாற்போல நார் நாராகப் பிரிந்திருந்தது. அந்த இடத்தில்தான் முறிகிறது. முடி என்பது உயிரில்லாத இழை, ஓட்டுக் கூரை மாதிரி மேலே செதில் அடுக்கு. டை அடித்து ஏற்கெனவே பலவீனமான முடியை 230 டிகிரியில் திரும்பத் திரும்ப இழுத்தால் கூரையும் போய் உள்நாரும் போகும். செத்துப்போன இழையை எந்தக் கெரட்டினும் உயிர்ப்பித்துச் சரிசெய்யாது, மேலே பூச்சாக நின்று கொஞ்ச மாசம் வழவழப்புக் காட்டும், அவ்வளவுதான் என்றார்.

நெடியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஃபார்மால்டிஹைடு கலந்த தண்ணீர்தான் ஃபார்மலின். அதையே மெத்திலீன் கிளைக்கால் என்ற பேரில் சேர்த்துவிட்டு "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று விற்பது உண்டு. அயர்ன் சூட்டில் அது வாயுவாக வெளியே வரும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2011-லேயே இதைப் பற்றிப் பார்லர்களை எச்சரித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது கிளையாக்ஸிலிக் அமிலம் போட்டு வருபவையும் நிம்மதி தருவதாக இல்லை. 26 வயசுப் பெண் ஒருத்தி 2020, 2021, 2022 என்று மூன்று தரம் முடி நேராக்கிக்கொண்டதும் ஒவ்வொரு தரமும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக, பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அவள் தலையில் போட்டது இந்த அமிலம் கலந்த க்ரீம்.

அதனால் தயவுசெய்து, நாற்காலியில் உட்காரும் முன்னால் சீல் உடைக்காத பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தயாரித்தவர் பேரும் முகவரியும், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், இவ்வளவும் லேபிளில் இருக்க வேண்டும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடாத கடையில் தலையைக் கொடுக்காதீர்கள். பில்லில் ட்ரீட்மெண்டின் பேரும் பொருளின் பேரும் எழுதச் சொல்லுங்கள். புகையில் கண் எரிந்தால் பாதியிலேயே எழுந்துவிடுங்கள், காசு போனால் போகட்டும். நான் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்து, பில், ஜாலி முடியின் படம், டாக்டர் சீட்டு எல்லாம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்தே கூப்பிட்டு இலவச ஸ்பா தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கடைசியில் 4,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. அது போதாது என்று நினைப்பவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் பில்லில் பொருள் பேர் இல்லாததால் தயங்கி நிறுத்திக்கொண்டேன். அந்தத் தயக்கம் உங்களுக்கு வரக்கூடாது.

இப்போது நான் செய்வது ரொம்ப எளிது. தலைக்கு ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய். பார்லரில் விலக்கச் சொன்ன அதே எண்ணெய். முடியின் புரதம் கழுவிப் போவதை, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் செய்யாத அளவுக்குத் தேங்காய் எண்ணெய் குறைப்பதாக நம் நாட்டு ஆய்வாளர்களே 2003-ல் எழுதியிருக்கிறார்கள். அதன் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கக்கூடியது. ஷாம்பூ மண்டைக்கு மட்டும். கண்டிஷனர் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும், மூன்று நிமிசம் விட்டு அலசுவேன். போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசியாக இரண்டு சொம்பு நல்ல தண்ணி. என் முடிக்கு அதிக மாற்றம் தந்தது இந்த இரண்டு சொம்புதான். துண்டால் தட்டித் தேய்ப்பதை விட்டுவிட்டு, பழைய காட்டன் புடவைத் துணியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுக்கிறேன். முக்கால் காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுப்பது. அரப்பை மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. முறிந்த முடியில் பொடி உரசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

எட்டு மாசத்தில் புதுசாக நாலு அங்குலம் வளர்ந்திருக்கிறது. விரலால் மேலிருந்து நீவினால், புது முடி முடிந்து அயர்ன் பட்ட முடி தொடங்கும் இடம் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிறது. அந்த இடம் வரை வெட்டிவிட அடுத்த வருசம் ஆகும்.

அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் அதே இடத்தில் தொங்குகிறது. திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் லேபிள் இல்லாத வெள்ளை பாட்டிலில் யாருக்காவது போட்டிருந்தால், பில்லும் படமும் கையில் இருந்தால் எழுதுங்க. எல்லோரும் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.