வாவி துப்புரவென்று சொல்லிக் காற்றுக்குக் கூலி வாங்குகிறார்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாவிக்கரையிலும் தோணா என்னும் கரையோர நீரோடைகளின் கரையிலும் இருக்கும் குடியிருப்போர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் கவனத்துக்கு.

தண்ணீரை மூடி மிதக்கும் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) அகற்றித் தருவதாக ஒரு கொந்தராத்துக் குழு ஊரூராகப் போய் விலை பேசிக்கொண்டிருக்கிறது. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், எங்கள் குடியிருப்புக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு ஏக்கர் மூடிக் கிடந்தது. அதை அகற்றவென்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆற்றுவாழை இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. முறைப்பாடு தனியாக நடப்பதால் பெயர் எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விபரமாகத் தருகிறோம், அடுத்த ஊர் தப்பட்டும்.

அவர்களின் முக்கியமான வித்தை காற்று. ஆற்றுவாழை வேரூன்றி நிற்பதில்லை. மிதக்கிறது, காற்று தள்ளிய பக்கம் போகிறது. மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலத்தில் எழுவான்கரையில் வந்து குவியும், வடகிழக்கிலிருந்து வாடை வீசினால் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு ஒதுங்கும். இடைப்பட்ட காலத்தில் ஒரே நாளுக்குள் இரண்டும் நடக்கும். பின்னேரம் கடற்காற்று மேற்கே தள்ளும், இரவில் தரைக்காற்று திருப்பிக் கொண்டு வரும். இந்தக் குழு கரையோரத்தில் செடியை வெட்டித் தளர்த்தி, நைலோன் கயிற்றால் வளைத்து, இயந்திரப் படகில் கட்டி வெளியே இழுத்துவிட்டது. மிச்சத்தைக் கடற்காற்று செய்தது. வெளித்த தண்ணீரைப் படமெடுத்துக் காட்டி மீதிப் பணம் கேட்டார்கள். அவர்கள் காட்டிய படங்கள் எல்லாவற்றிலும் வெயில் மேற்கிலிருந்து விழுகிறது. ஒரு படமாவது விடியற்காலையில் எடுத்ததில்லை. உங்களிடம் காட்டும் பழைய வேலைப் படங்களிலும் நிழல் விழும் பக்கத்தைப் பாருங்கள்.

இழுத்ததில் இன்னொரு கேடும் உண்டு. ஆற்றுவாழை ஓடுதண்டு விட்டுக் குட்டி போடும் செடி. முரட்டுத்தனமாகப் பிய்த்தால் ஒவ்வொரு குட்டியும் தனிச்செடியாகப் பிரிந்து பரவும். சல்வீனியா என்ற சிறிய மிதக்கும் செடி இன்னும் மோசம். கணு உள்ள ஒரு துண்டு போதும், அது தழைத்துவிடும்.

இனிக் கணக்கு. நெருக்கமாக வளர்ந்த ஆற்றுவாழை ஒரு சதுர மீற்றரில் 20 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும், செழித்த இடத்தில் அதற்கு மேலும் போகும். ஒரு ஏக்கர் 4000 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். ஆகவே 80 தொன். உழவு இயந்திரப் பெட்டியில் பச்சையாக ஏற்றினால் ஒரு தொன் அளவில் பெட்டி நிரம்பிவிடும். எண்பது பெட்டியாவது போயிருக்க வேண்டிய வேலைக்கு அவர்கள் பற்றுச்சீட்டில் எழுதியது 18 பெட்டி. அந்தப் பதினெட்டும் பெக்கோ என்னும் மண் அள்ளும் இயந்திரத்தின் கை எட்டிய ஐந்தாறு மீற்றர் ஓரத்தில் அள்ளியவை. நீளக் கை எஸ்கவேட்டர் இல்லாமல், படகில் ஏற்றிக் கரைசேர்க்க ஆட்களும் இல்லாமல் ஒருவர் ஏக்கர் கணக்கில் விலை சொன்னால், நடுவில் உள்ளதை அவர் எடுக்கப்போவதில்லை.

எடையை நீங்களே பார்க்கலாம். பீவீசீ குழாயில் ஒரு மீற்றர் சதுரச் சட்டம் செய்து செடிமேல் வையுங்கள். உள்ளே உள்ளதை வேரோடு எடுத்து, பத்து நிமிடம் தண்ணீர் வடியவிட்டு, தூக்குத் தராசில் நிறுங்கள். ஓரம், நடு, வால்பகுதி என்று மூன்று இடத்திலாவது எடுத்துச் சராசரி காணுங்கள். படகில் இருந்தபடியே செய்யுங்கள், முதலை உள்ள தண்ணீரில் ஒருவரையும் இறக்க வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: செடியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். கரையில் இரண்டு நாள் வாடியதை நிறுத்துக் கணக்குப் பேசினால் யாருக்கோ நட்டம். எந்த நிலையில் நிறுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அள்ளியதையும் அவர்கள் தண்ணீரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி மதகுக்குப் பக்கத்தில் குவித்தார்கள். முதல் மழையில் பாதி சரிந்து மதகை அடைத்தது. கொட்டும் இடம் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அரை அடிக்கு மேல் தடிப்பில்லாமல் பரப்பினால் வெயிலில் காயும், குவித்தால் உள்ளே உயிரோடு கிடக்கும். காய்ந்ததைத் தென்னைக்கு மூடாக்காகப் போடலாம், சாணத்தோடு சேர்த்துக் கூட்டெருவும் ஆக்கலாம். கழிவுநீர் சேரும் தோணாவில் எடுத்ததை மாட்டுக்குப் போடாதீர்கள்.

செடி திரும்பி வந்ததைக் கேட்டபோது, "இலவசமாக மருந்து அடிக்கிறோம்" என்று சுட்டுத்துண்டு (லேபல்) இல்லாத கலனோடு வந்தார்கள். இதுதான் எங்களுக்குப் பெரிய கோபம். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவில்லாத மருந்தை விற்கவோ பாவிக்கவோ முடியாது. கலனில் பெயரும் பதிவு இலக்கமும் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சரியான மருந்தாக இருந்தாலும், மூடிக் கிடக்கும் பரப்பு முழுவதையும் ஒரே தடவையில் சாகடித்தால் அத்தனையும் மூழ்கி அழுகும். அழுகல் தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். முதலில் இறால் சாகும், பிறகு மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கும். தண்ணீர் கறுத்து நாறும். வாவியை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகளுக்கு அந்த நட்டத்தை யார் கொடுப்பது?

வண்டு விடுவதாகவும், புல் தின்னும் கெண்டைக் குஞ்சு விடுவதாகவும் தனித்தனி விலை சொல்கிறார்கள். 1986 இல் இலங்கையில் விட்ட வண்டு சல்வீனியாவைத்தான் தின்னும், ஆற்றுவாழையைத் தொடாது. ஆற்றுவாழைக்கு வேறு வண்டு உண்டு. அது செடியை மெலியச் செய்யும், ஆனால் பல வருட வேலை. புல் கெண்டைக்கு வேண்டியது தண்ணீருக்குள் வளரும் மெல்லிய பாசிப்புல். முகத்துவாரம் வெட்டி உப்பு ஏற்றினால் செடி செத்துவிடும் என்பதும் காதில் விழும். உப்புக்குச் சாகும் என்பது உண்மை, ஆனால் அந்த உப்பு வயலுக்கும் ஏறும். முகத்துவாரம் வெட்டுவது மாவட்ட மட்டத்தில் முடிவெடுக்க வேண்டியது, தனியார் பேரம் பேசும் காரியமில்லை.

கொந்தராத்து எழுதும்போது பரப்புக்கு விலை பேசாதீர்கள், வெளியே போன எடைக்குப் பேசுங்கள். முற்பணம் எரிபொருளுக்கும் ஆட்கூலிக்கும் போதுமான அளவு, ஐந்தில் ஒரு பங்கு. பாதி, பெட்டிக் கணக்குச் சரிவந்தபின். மிச்சம், ஒரு மாதம் கழித்து, காற்று ஒரு தடவை திசை மாறியபிறகு காலையில் பார்த்து. கொட்டும் காணியின் சொந்தக்காரர் எழுத்தில் தந்த சம்மதமும், பிரதேச சபையின் அனுமதியும் வேலை தொடங்கமுன் கையில் இருக்க வேண்டும்.

அகற்றிய பகுதிக்கு வெளியே மிதவை வேலி கட்டுவதும் வேலையின் ஒரு பகுதிதான், தனிச் செலவாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தடித்த நைலோன் கயிற்றில் இரண்டு மீற்றருக்கு ஒரு மூடிய வெற்றுக் கலன், கீழே இரண்டடி ஆழத்துக்குப் பழைய வலை, அடியில் ஈயக் குண்டு. இரு முனையையும் கம்பில் கட்டும்போது வெள்ளம் ஏற இறங்க வளையம் வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறிய அன்றே வேலிக்கு மேலால் செடி வந்துவிடும். தோணி போக ஒரு வாசலும் விடுங்கள்.

"ஆறு மாதம் வராது" என்று உத்தரவாதம் தருபவரை நம்பவே வேண்டாம். சத்துள்ள தண்ணீரில் ஆற்றுவாழை இரண்டு கிழமையில் இரட்டிக்கும். நூறில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் ஏழு தடவை இரட்டித்தால் போதும், பதினாலு கிழமையில் பழையபடி மூடிவிடும். சேற்றில் கிடக்கும் விதை இருபது வருடம்வரை உயிரோடு இருக்கும், தண்ணீர் வற்றிய கரையில் முளைக்கும். ஆகையால் ஒப்பந்தத்தில் கிழமைக்கு ஒருமுறை தோணியில் போய்க் கையால் பொறுக்கும் வேலையை மூன்று மாதத்துக்காவது சேர்த்து எழுதுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரோடு மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.