அட்டைக்கு பிலிம் ஒட்ட கம் மெசினா, தெர்மலா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அச்சகங்கள் அடித்து அனுப்பும் தாள்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டி, மடிப்புக்கோடு போட்டு, வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. தேயிலைப் பெட்டி, கேக் பெட்டி, கல்யாணக் கார்ட், சாப்பாட்டுக் கடை மெனு, புத்தக அட்டை, வருடக் கடைசியில் கலண்டர். அதற்கு முன் ஆறு வருடம் மாமாவின் கடையில், ஈரப் பசை பூசி ஒட்டும் கம் மெசின் ஓட்டினேன். சொந்தக் கடை போட்டபோது, மாமா முகம் சுளிக்கச் சுளிக்க, சூட்டில் ஒட்டும் தெர்மல் மெசின் வாங்கினேன். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டிலும் ஒட்டுவது ஒரே சாதி பிலிம்தான். இரு திசையிலும் இழுத்து நீட்டிய பொலிப்புரொப்பிலீன், கடைப் பேச்சில் பி.ஓ.பி.பி. கம் மெசினில் வெறும் பிலிம் ஓடும். பால் மாதிரி இருக்கும் அக்ரிலிக் கம்மை ஓர் உருளை அதன்மேல் பூச, ஈரத்தோடேயே தாளில் அழுத்தப்படும். கம்மில் உள்ள தண்ணீரைக் கடதாசி குடித்துக்கொள்ள, ஒட்டு இறுகும். தெர்மலில் பசை பிலிமின் முதுகிலேயே வரும். ஈ.வி.ஏ. என்ற அந்தப் பூச்சு 90, 100 பாகை செல்சியஸ் சூட்டில் உருகித் தாளைப் பிடித்து, ஆறியதும் இறுகிவிடும்.

பொலிப்புரொப்பிலீன் தன்போக்கில் எதையும் ஒட்டவிடாத சாமான். தொழிற்சாலையில் மின்பொறியை அதன்மேல் பாய்ச்சி மேற்பரப்பை மாற்றினால்தான் பசை பிடிக்கும். அதற்குப் பெயர் கொரோனா. 2020இல் மலிபன் வீதியில் நின்று "கொரோனா போட்ட பிலிம் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டு, பக்கத்தில் நின்றவர்களை இரண்டடி விலக வைத்தவன் நான். அந்தக் கொரோனா நாள்பட நாள்படக் குறைந்துகொண்டே போகும். தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் ஒரு வருடம் கிடந்த ரோலை மலிவு என்று வாங்காதீர்கள், எந்த மெசினாக இருந்தாலும் சரி.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். பிலிம் கிலோ கணக்கில் வருகிறது. 12 மைக்ரோன் வெறும் பிலிம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 92 சதுர மீட்டர் இருக்கும். 24 மைக்ரோன் தெர்மல் பிலிமில் பாதி பசை, ஆகவே ஒரு கிலோவில் 45 சதுர மீட்டர் அளவுதான். கிலோ விலையும் தெர்மலுக்குத்தான் கூட. கம்மின் செலவைச் சேர்த்தாலும் ஒரு தாளுக்கு கம் வழிதான் மலிவு. இதில் வாதாட இடமில்லை. பளபளப்பு, மாட் என்ற மினுங்காத மங்கல், இரண்டும் இரண்டிலும் வரும். ஒட்டி முடித்த தாளை வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் எது எது என்று சொல்லமாட்டார்.

அப்படியானால் ஏன் தெர்மல்? மெசின் ஓடும்போது கம் மெசினை யாரும் குறை சொல்லமுடியாது. அது நிற்கும்போதுதான் ஆளைக் கொல்லும்.

அக்ரிலிக் கம் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் போனதும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து தோலாகிவிடும். பிறகு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய கம்மாகத் திரும்பாது. தட்டில் இருக்கும் கம்மின் மேலே ஆடை கட்டும். உருளையின் இரண்டு ஓரங்களிலும், பிலிம் படாத இடத்தில், கயிறு மாதிரி ஒரு திரட்டு ஏறும். அது பிய்ந்து உள்ளே போனால் பிலிமுக்குக் கீழே முகப்பரு போல ஒரு புள்ளி, தாளுக்குத் தாள். ஆகவே சாப்பிடப் போவதென்றாலும் உருளையைச் சுற்றவிட்டுத்தான் போகவேண்டும். வேலை முடிந்தால் கம்மை வடித்து, தட்டைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணியுமாக முக்கால் மணித்தியாலம் கழுவவேண்டும். மாட் பிலிமை எடுத்துவிட்டு பளபளப்பு போடும் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஓரம் இறுகத் தொடங்கிவிடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் நான் மாமாவின் கடையில்தான். எங்கள் பகுதி எந்த எழுத்துப் பிரிவில், அந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு மின்வெட்டு என்று காலையில் பார்த்து, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே மெசினைக் கழுவத் தொடங்குவோம். ஒருநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. தட்டு நிறையக் கம், உருளைகளுக்கு நடுவே பிலிம், கையில் முடிக்காத கேக் பெட்டித் தாள் ஆயிரத்துக்கு மேல். போன் வெளிச்சத்தில் நானும் இன்னொரு பையனும் உருளையைக் கையால் சுற்றிக்கொண்டே துடைத்தோம். பிலிம் உருளையோடு ஒட்டிப் பிடித்துவிட்டது. நகத்தால் சுரண்டியது போதாமல், பையன் பேனைக் கத்தியை எடுத்தான்.

"டேய், றப்பரில கத்தி வைக்காத!" என்று மாமா வாசலில் இருந்து கத்தினார். அதற்குள் ஒரு கீறல் விழுந்துவிட்டது. விரல் நீளம்தான். மறுநாளில் இருந்து ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் ஒரு மெல்லிய கோடு. உருளைக்குப் புது றப்பர் போட்டு எடுக்கும்வரை, அந்தக் கோடு வெட்டுப்படும் ஓரத்தில் விழுகிற மாதிரித் தாளைத் தள்ளித் தள்ளி ஓட்டினோம்.

தெர்மலிலும் கரண்ட் போனால் சும்மா இருக்கமுடியாது. உடனே அழுத்தத்தைத் தளர்த்தி உருளைகளைப் பிரித்துவிடவேண்டும். மறந்தால் சூட்டில் றப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஆனால் அது ஒரு கைப்பிடியைத் திருப்பும் வேலை. கரண்ட் வந்ததும் 20 நிமிடம் சூடேறவிட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். மூன்று நாள் கடை பூட்டினாலும் திறந்தபின் அதே 20 நிமிடம்தான். துப்புரவு என்றால், உருளை மிதமான சூட்டில் இருக்கும்போது ஓரத்தில் கசிந்த பசையைத் துணியால் உருட்டி எடுப்பது. ஆறியபின் முயன்றால் வராது, அவ்வளவுதான்.

இதை வேலைகளின் அளவோடு வைத்துப் பார்க்கவேண்டும். எனக்கு வருவது 100 மெனு, 300 கார்ட், 500 பெட்டி. ஒரு நாளைக்கு ஆறு வேலை என்றால் ஐந்து தரம் மெசின் நிற்கிறது. தாளுக்கு மிச்சம் பிடிக்கும் காசு அந்த ஐந்து நிறுத்தத்தில், கழுவும் ஆளின் சம்பளத்தில், வடித்து ஊற்றிய கம்மில் போய்விடும். நாள் முழுக்க ஒரே தேயிலைப் பெட்டியை ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும். அவர் கம் மெசினே வாங்கட்டும்.

காத்திருக்கும் நேரமும் இதோடு சேர்ந்ததுதான். கம் ஒட்டிய தாளை அன்றே வெட்டினால் ஓரம் எழும்பும். ஒரு இரவாவது கிடக்கவேண்டும். நவம்பர் மழையில் காற்றே தண்ணீராக இருக்கும் நாட்களில் நாங்கள் இரண்டு இரவு விட்டிருக்கிறோம். தெர்மல் ஆறியவுடன் வெட்டுக்குப் போகலாம்.

சரி, கம் மெசின் உண்மையாகவே வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஓஃப்செட்டில் அடித்த தாள்கள் ஒன்றின் மை மற்றதில் ஒட்டாமலிருக்க நடுவில் மாப்பவுடர் தூவுவார்கள். அந்த மணிகளைச் சுற்றி ஈரக் கம் ஓடி மூடிவிடும். தெர்மல் பசைக்கு அந்த ஓட்டம் போதாது. மணியைச் சுற்றிக் காற்று சிக்கிக்கொள்ளும். கறுப்பு, கடும் நீலம் மாதிரி அடர்ந்த நிறங்களில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டினால் கொஞ்சம் தணியும், முழுதாகப் போகாது. ஆகவே கறுப்புப் பெட்டி வந்தால் அச்சகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: பவுடரைக் குறையுங்கள், அனுப்ப முன் தாளைத் துடைத்து அனுப்புங்கள் என்று.

மை காயாத தாள் இரண்டுக்கும் எமன். ஓஃப்செட் மை காற்றோடு சேர்ந்துதான் உள்வரைக்கும் காயும். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அதை நம்பிவிடக்கூடாது. ஒரு கல்யாணக் கார்ட், காலையில் அடித்தது, பின்னேரம் பெண்வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். மறுக்க மனம் வரவில்லை, ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மடிப்புக்கோட்டில் எல்லாம் கொப்புளம். திரும்ப அடிக்கும் செலவில் பாதி என் தலையில். அதன்பிறகு ஒரு பழக்கம்: ஒட்டிய முதல் தாள் ஆறியதும் மூலையில் பிலிமைக் கிளப்பி மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். கடதாசியின் நாரும் சேர்ந்து பிய்ந்து வந்தால் நல்ல ஒட்டு. மை மட்டும் பிலிமோடு வந்து வெள்ளைத் தாள் நாரில்லாமல் வழவழவென்று தெரிந்தால் மை காயவில்லை. ஒன்றுமே வராமல் பிலிம் மட்டும் சுத்தமாகக் கழன்றால் சூடோ அழுத்தமோ போதாது, அல்லது ரோல் பழசு.

டிஜிட்டலில் அடித்த தாள் தனி வழக்கு. சில மெசின்களில் தாளின்மேல் மெல்லிய எண்ணெய் படிந்து வரும், சாதாரண தெர்மல் பிலிம் இரண்டு நாளில் தானாகவே எழும்பும். அதற்கென்று கூடுதல் பிடிப்புள்ள தெர்மல் பிலிம் விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. 50, 100 என்று வரும் சின்ன வேலைகள் எல்லாம் இப்போது டிஜிட்டல்தான் என்பதால் அந்த ரோல் ஒன்று கடையில் எப்போதும் இருக்கும்.

சுருள்வதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. கொழும்புக் காற்றின் ஈரத்தைக் கடதாசி குடித்து விரியும். பிலிம் விரியாது. ஒருபக்கம் மட்டும் ஒட்டிய அட்டை பிலிம் பக்கமாகச் சுருண்டு நிற்கும். தெர்மலில் இன்னொரு காரணமும் உண்டு: பிலிமை இழுத்துப் பிடித்து ஓட்டினால் சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கும். பிலிம் ரோலின் பிரேக்கைத் தளர்த்தி ஓட்டுங்கள், வெளியே வந்த தாளைப் பாரம் வைத்து அடுக்குங்கள். 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் பாரமுள்ள போர்ட் பெரிதாக முரண்டு பிடிக்காது. 150இல் புத்தக அட்டை கேட்டு வருகிறவரிடம், தாளின் நார் ஓட்டம் புத்தக முதுகின் நீளத்துக்கே ஓடவேண்டும் என்று சொல்லுங்கள். பாதிச் சுருள் அங்கேயே போய்விடும்.

பிலிமே வேண்டாம், வார்னிஷ் போதும் என்கிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. பல பெட்டிகளுக்கு அது போதும். ஆனால் மடிப்பில் வெடிக்கும், தண்ணீர் பட்டால் தாங்காது. சாப்பாட்டுச் சுற்றுத்தாள், கடதாசிக் கப் எல்லாம் வேறு உலகம். பசையே இல்லாமல், 300 பாகைக்கு மேல் உருகிய பொலித்தீனை நேரே கடதாசிமேல் திரையாக விழவைத்து அழுத்துகிறார்கள். அந்த மெசின்களை நான் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி, ஓட்டியதில்லை. 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் பொலித்தீன் லன்ச் சீட்டும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் பெட்டியும் தடையானபின் கடதாசிப் பெட்டி கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். அவர்களில் பலருக்கு, பிலிம் ஒட்டிய கடதாசி பழைய கடதாசிக்காரர் எடுக்காத சாமான் என்பது தெரியாது. என் கடை வெட்டுத் துண்டுகளையே அவர் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்கிறார்.

தெர்மலுக்கு கரண்ட் பில் கூடுதலாக வரும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது மாமா போன் எடுத்துச் சிரித்தார். சூட்டு வேலைகளை ஒன்றாகச் சேர்த்து, காலை ஒருதரம், பின்னேரம் ஒருதரம் என்று ஓட்டிச் சமாளிக்கிறேன். ஐயாயிரத்துக்கு மேல் ஒரே பெட்டி வந்தால் மாமாவிடமே அனுப்பிவிடுவேன். அவர் தன்னிடம் வரும் 50 மெனுக்களை என்னிடம் தள்ளிவிடுவார்.

பழைய தெர்மல் மெசின் வாங்கப் போகிறவர்கள் ஒரு டோர்ச்சைக் கொண்டுபோங்கள். சூடேற்றாமல் உருளைகளை மூடி, அழுத்தம் கொடுத்து, பின்பக்கம் வெளிச்சத்தைப் பிடித்து முன்னால் குனிந்து பாருங்கள். நீளம் முழுக்க இருட்டாக இருந்தால் றப்பர் நல்லது. நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் கசிந்தால், புது றப்பர் போடும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.