பிணை முகவர் உரிமம்: கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ் ஓர் ஒப்பீடு

நம் ஊரில் ஜாமீன் கிடைத்தவருக்கு உறவினரோ தெரிந்தவரோ ஜாமீன்தாரராக வந்து கையெழுத்திடுவது வழக்கம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அது உரிமம் பெற்று நடத்தப்படும் தொழில். நீதிமன்றம் 50,000 டாலர் ஜாமீன் விதித்தால், குடும்பத்தார் பொதுவாக அதில் 10 சதவீதமான 5,000 டாலரை முகவரிடம் கட்டணமாகச் செலுத்துகிறார்கள். வழக்கு எப்படி முடிந்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. முகவர் முழுத் தொகைக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்து ஆளை வெளியே எடுக்கிறார். அந்த ஆள் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் 50,000 டாலரும் முகவர் தலையில் விழும். ஆகவே இத்தொழிலுக்கு வர எண்ணுபவர் படிப்பு நேரத்தைவிட, அந்த இழப்பை யார் தாங்குவது, ஆளைத் தேட எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையுமே முதலில் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கலிஃபோர்னியாவில் உரிமம் வழங்குவது மாநிலக் காப்பீட்டுத் துறை. 18 வயது நிறைந்தவர் 20 மணி நேர வகுப்பை முடித்து, தேர்வில் தேறி, கைரேகை கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஆனால் உத்தரவாதக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று முகவராக நியமித்தால்தான் பத்திரம் எழுத முடியும்; புதியவரை நம்பி நியமிக்க நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை என்பதால், பலர் அனுபவமுள்ள முகவரிடம் வேலைக்குச் சேர்ந்தே தொடங்குகிறார்கள். நீதிமன்றத்துக்குப் பொறுப்பு நிறுவனம்தான் என்றாலும், இழப்பை ஈடுசெய்வதாக முகவரிடம் அது முன்கூட்டியே ஒப்பந்தம் வாங்கிக்கொள்கிறது. ஆறுதலான அம்சம் கால அவகாசம்: ஆள் வராததால் ஜாமீன் தொகை பறிமுதலாகிறது என்ற அறிவிப்பு தபாலில் வந்தால், ஆளைக் கொண்டுவர 185 நாட்கள் உண்டு, தக்க காரணம் காட்டினால் நீட்டிப்பும் கேட்கலாம்.

ஃபுளோரிடாவில் 120 மணி நேர அடிப்படைப் பயிற்சி கட்டாயம். சட்டம், பத்திரம், பறிமுதல் நடைமுறை என எல்லாவற்றையும் அது சொல்லித் தருவதால், மூன்று மாநிலங்களில் இங்கேதான் புதியவர் நல்ல தயாரிப்போடு களமிறங்குகிறார். ஆனால் பறிமுதல் தொகையைக் கட்ட 60 நாட்கள்தான் தருகிறார்கள். உரிமம் இல்லாத ஆட்களைக் கூலிக்கு அமர்த்தித் தப்பியவரைப் பிடிக்கவும் அங்கே சட்டம் இடமளிக்கவில்லை. கட்டணம் 10 சதவீதத்துக்கு மேல் போகாத நிலையில் இவ்வளவு குறுகிய காலத்துக்குள் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது கடுமையான நிபந்தனை.

டெக்சாஸ் வேறு வழியில் போகிறது. அங்கே பெரிய மாவட்டங்களில் அந்தந்த மாவட்டப் பிணை வாரியமே உரிமம் தருகிறது. ஒரு மாவட்டத்து உரிமம் அடுத்த மாவட்டத்தில் செல்லாது. பாடம் 8 மணி நேரம்தான், ஆனால் ஏற்கெனவே உரிமம் பெற்றவரிடம் வாரம் 30 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். இங்கே காப்பீட்டு நிறுவனத்தை நாடாமல் சொந்தச் சொத்தின் பலத்தில் தொழில் செய்யலாம். மக்கள்தொகை 2,50,000-க்குக் குறையாத மாவட்டத்தில் குறைந்தது 50,000 டாலர் ரொக்கமாக வைக்க வேண்டும், அல்லது நிலம், கட்டடத்தை வாரியத்தின் பெயரில் நம்பிக்கைப் பத்திரமாக (அடமானம் போன்ற பிணையாக) எழுதித் தரலாம். நிறுவனத்துக்குப் பங்கு கொடுக்கும் செலவு இல்லை. ஆனால் நஷ்டம் வந்தால் கைவிட்டுப் போவது முகவரின் சொந்த நிலம். தப்பியவர் எந்த ஊர்ச் சிறையில் அகப்பட்டாலும், சிறு குற்றத்தில் 180 நாட்களுக்குள்ளும் பெருங்குற்றத்தில் 270 நாட்களுக்குள்ளும் என்றால் பொறுப்பு நீங்கும். ஓராண்டு பொறுத்திருக்கவும் கொஞ்சம் முதலீடு போடவும் முடிந்தவருக்கு நான் டெக்சாஸையே பரிந்துரைப்பேன். மூலதனம் இல்லாதவருக்குக் கலிஃபோர்னியா ஏற்றது.

இதில் சட்ட மாற்றம் என்ற ஆபத்தும் உண்டு. கெண்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின், இல்லினாய் ஆகிய மாநிலங்களில் இந்தத் தொழிலுக்கே இடமில்லை. இல்லினாய் 2023 செப்டம்பரில் ரொக்க ஜாமீனையே ஒழித்துவிட்டது. கலிஃபோர்னியாவிலும் 2018-இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டு, 2020 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்ததால்தான் தொழில் பிழைத்தது. ஆயினும், கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அடைத்துவைக்கக் கூடாது என்று 2021-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கு நியாயம் தரும் அத்தீர்ப்பை நான் வரவேற்கிறேன். முகவராக விரும்புபவர் அதன் விளைவையும் தம் வருமானக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்பவர்கள், வேலையை விட்டு விலகிய பிறகும் ஏற்கெனவே எழுதிய பத்திரங்களின் பொறுப்பு தம்மைத் தொடருமா என்று ஒப்பந்தத்தின் ஈட்டுறுதிப் பிரிவை (இழப்பை முகவர் ஈடுசெய்வதாகச் சொல்லும் பகுதியை) படித்துத் தெரிந்துகொண்ட பின்பே கையெழுத்திட வேண்டும்.