2.8-இலேயே நின்றுபோன என் 70-200

லென்ஸ் பழுதுபார்த்துத் திரும்பி வந்துவிட்டது. உள்ளே புதிதாகப் போனது விரல் அகலத்துக்கு ஒரு ரிப்பன் கேபிள். அதற்குக் கொடுத்த பணத்தில் சுமாரான லென்ஸ் ஒன்றையே வாங்கியிருக்கலாம். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதுகிறேன், காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். புதிய 70-200 வாங்கலாமா என்று இங்கே மொரீஷியஸில் வாக்வா ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

70-200, 2.8 பற்றி அதிகம் விளக்கப்போவதில்லை: 200-இல் வைத்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்; 2.8 என்பது அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், முழுக்கத் திறந்த நிலை; எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும், படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். கல்யாணம், கோயில் என்று படமெடுப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான். என்னுடையது 2010-ஐ ஒட்டி வந்த தலைமுறை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அப்போது பெரிய நிறுவனங்கள் எதை எடுத்தாலும் எடை ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கோளாறு விசித்திரமானது. அப்பர்ச்சர் 2.8-இல் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். 4-க்கோ 5.6-க்கோ குறைத்துப் பொத்தானை அழுத்தினால் கேமரா திகைத்து நின்றுவிடும். லென்ஸ் தொடர்பில் பிழை என்று திரையில் வரும். தொடர்புப் புள்ளிகளை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போகும் கேபிள், உள்ளே இருக்கும் பாகங்கள் நகரும்போதெல்லாம் மடங்கி நிமிர்ந்து, ஒரு மடிப்பில் விரிசல் விட்டுவிட்டது. இதழ்கள் அசையத் தேவையில்லாதவரை, அதாவது லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும்வரை, அந்த விரிசல் வெளியே தெரியாது.

இது வந்த நேரம் தைப்பூசம். மொரீஷியஸில் அன்றைக்கு அரசு விடுமுறை. எங்களுக்குக் கோடையின் உச்சமும் அதுதான். காத்ர் போர்னில் மலையடிக் கோயிலுக்குக் காவடிகள் ஏறும் நேரத்தில் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் 2.8-இல் எடுப்பதற்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். எனக்கோ வேறு வழியில்லை. ஒளி மிஞ்சிவிடாமல் இருக்க ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/3200 என்று வைத்துக்கொண்டு நாள் முழுவதும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது கோபமெல்லாம் போய்விட்டது. அலகு குத்தி நடந்து வந்த ஒருவர்; கன்னத்தில் வேல் நுழையும் இடத்தில் ஃபோகஸ். அங்கே ஒட்டியிருந்த விபூதி துகள் துகளாகத் தெரிகிறது. மேலுதட்டில் வியர்வை மணி மணியாக நிற்கிறது. பார்வை காதுக்குப் போவதற்குள் எல்லாம் கரைந்துவிடுகிறது. பின்னால் வந்த மயிலிறகுக் காவடிகள் நீலமும் பச்சையுமாகக் கலங்கிக் கிடக்கின்றன. இந்த லென்ஸின் விலையில் பாதி அந்த 2.8 என்ற எண்ணுக்குத்தான். அதைக் கொடுத்து வாங்கிவிட்டு, ஃபோகஸ் தப்பிவிடுமோ என்ற பயத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் 4-இலும் 5.6-இலுமே காலம் தள்ளுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் அலகு குத்தும்போது பக்தரின் மூக்குக்கு நேரே கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். 200-இல் வைத்துக்கொண்டு நான் தள்ளி நின்றேன். அவர் வேண்டுதலுக்கு நடுவில் நான் போகவில்லை, படமும் தப்பவில்லை. இதற்காக மட்டும் இந்த லென்ஸின் எல்லாப் பாவங்களையும் மன்னிக்கலாம்.

விலையை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

2010-இல் கேனனின் 70-200 வந்தபோது அமெரிக்காவில் 2,499 டாலர். உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கான ஆர்எஃப் வகை 2019-இல் 2,699. ஒன்பது ஆண்டில் எட்டு சதவீத ஏற்றம். இதற்காக யாரும் கொடி பிடிக்கத் தேவையில்லை. 2024 கடைசியில் வந்த இசட் என்ற வகை 2,999. ஜப்பான்காரனைத் திட்டும் முன் நம் பர்ஸையும் திறந்து பார்க்க வேண்டும். 2010-இல் ஒரு டாலருக்கு 30 மொரீஷியஸ் ரூபாய் சொச்சம் கொடுத்தோம். இப்போது 45-ஐத் தாண்டிக் கொடுக்கிறோம். அன்றைக்கு 75,000 ரூபாய்க் கணக்கில் இருந்த சாமான் இன்றைக்கு 1,35,000-க்கு மேல். அதன் தலையில் 15 சதவீத வாட் வரி. கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் தனி.

எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழை அதன் இடத்திலிருந்து கீழே தள்ளி அச்சிட்டபோது எழுந்த எதிர்ப்பில் மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எழுத்து தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. நோட்டின் மதிப்பு கீழே போவதற்கு எந்தக் கோயில் வாசலில் கூடுவது என்று தெரியவில்லை.

விலைக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களிலும் உண்மை உண்டு. ஒளி நிறம் நிறமாகப் பிரிவதைக் குறைக்கும் கண்ணாடியையும் ஃப்ளோரைட் படிகத்தையும் அவசரமாகச் செய்ய முடியாது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் கேனனின் உட்சுனோமியா லென்ஸ் தொழிற்சாலை நின்றுபோனது. அதே ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் நிக்கானின் அயுத்தயா தொழிற்சாலை மூழ்கியது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கைப்பேசி. 2010-இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைக்குப் போயின. 2023-இல் 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வாங்குகிறவன் குறைந்தால், மிச்சம் இருப்பவன் தலையில்தான் செலவு இறங்கும்.

யென் கதைதான் எனக்கு ஒத்துவரவில்லை. 2011-இல் ஒரு டாலருக்கு 80 யென்கூடக் கிடைக்காத நாட்களில், யென் ஏறிவிட்டது, அதனால் விலை ஏறுகிறது என்று கடைக்குக் கடை சொன்னார்கள். தலையாட்டினோம். 2024-இல் டாலருக்கு 160 யென் வரை போனது. அப்போது எந்தக் கடையிலும் யென் பேச்சே எழவில்லை.

புதிய லென்ஸ் மோசமா என்றால், அதுவும் இல்லை. நண்பர் ஒருவரின் ஆர்எஃப் வகையை ஒரு கல்யாணத்தில் வாங்கிப் பயன்படுத்தினேன். 1,070 கிராம்தான். முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கும் நேரத்திலும் மணிக்கட்டு வலிக்கவில்லை. பழையதில் 1.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், இதில் 0.7 மீட்டரிலேயே ஃபோகஸ் பிடிக்கிறது, தாலி முடிச்சை அப்படியே எடுக்கலாம். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. ஆனால் கல்யாணக் கூலி டாலரோடு சேர்ந்து ஏறவில்லையே. பெண் வீட்டாரிடம் 1,070 கிராம் என்று சொல்லி ரேட் கேட்க முடியுமா?

சோனி கேமரா வைத்திருப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டாம்ரான், சிக்மா போன்ற வெளி நிறுவனங்களின் லென்ஸும் அவர்களுக்குக் கிடைக்கிறது. டாம்ரானின் 70-180 2020-இல் வந்தபோது 1,199 டாலர், எடை 810 கிராம். சிக்மாவின் 70-200 2023 கடைசியில் 1,499. இன்றைய ரூபாயில் வாட் வரி சேர்க்காமல் கணக்குப் போட்டால், என்னுடையதன் 2010 விலைக்கு அது மேலே போகாது. கேனன் 2024-இல்தான் இந்த இருவருக்கும் ஆர்எஃப் மவுண்டின், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயின், கதவைத் திறந்தது, அதுவும் சிறிய சென்சார் லென்ஸ்களுக்கு மட்டும். பூட்டு யார் கையிலோ, விலையும் அவர் கையில். கண்ணாடி விலை ஏறிவிட்டது என்று புலம்பும்போது இதையும் சேர்த்துப் புலம்ப வேண்டும்.

மதிப்பெண் கேட்பீர்கள். ஐந்துக்கு இரண்டு. மேலே எழுதியதைப் படித்தால் நாலரை வரும் என்பது எனக்கும் தெரியும். பழுதுபார்த்த ரசீது மேசையில் கண்ணெதிரே கிடக்கிறது. இரண்டுக்கு மேல் கை எழுதவில்லை. இந்த விலையில் விற்கும் சாமானின் உள்ளே அந்தக் கேபிளுக்கு இன்னும் நல்ல மடிப்பு ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

தம்பி, வாரா வாரம் கல்யாணம் இருந்தால் சோனிக்கு மாறி சிக்மாவை வாங்கு. இல்லையென்றால் புதியது வேண்டாம். என் தலைமுறை லென்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். வாங்கப் போகும்போது உன் கேமராவை எடுத்துக்கொண்டு போ. அப்பர்ச்சரை 8-க்குக் குறைத்து, 70-இலும் 200-இலும் நடுவிலும் வைத்துப் பல படங்கள் எடு. விற்பவர் 2.8-இல் மட்டும் எடுத்துக் காட்டி மழுப்பினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. பிறகு லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார். கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. விற்பவர் மழையும் ஈரமும் ஓயாத க்யூர்பிப்காரர் என்றால் டார்ச்சை இரண்டு முறை அடி.